முப்பத்தெட்டுக் கிலோ

தருமபுரத்துப் பழைய இரும்புக் கடையில்
நளீம் அதைத் தராசில் ஏற்றினார்.
முப்பத்தெட்டுக் கிலோ.
வைஸ் என்றாலும் தண்டவாளத் துண்டென்றாலும்
அவருக்கு ஒரே விலை.
விரலில் எச்சில் தொட்டு விலாவைத் தேய்த்தேன்.
கறளுக்கடியில் ஓர் ஊரின் பாதிப் பெயர் எழும்பியது:
ஷெஃபீ.
மீதியை மனதுக்குள் வாசித்துக்கொண்டு
முகத்தை மாற்றாமல் காசை எண்ணிக் கொடுத்தேன்.

கிளிநொச்சியில் மாறி ஏறிய மல்லாவி பஸ்ஸில்
கொண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.
"அக்கா, இது ஆளோ சாமானோ?"
யன்னலோரம் இருத்தினேன்.

அரிசி ஆலையில் பெல்ட் மாற்றுவது என் வேலை.
இது வேலையில்லை.
பின்சுவர் முழுக்க ஆணியடித்துத் தொங்குகின்றன:
சோலிங்கன் குறடு, வாய் மூடினால்
தலைமயிரும் தப்பாது.
சுவீடன் உளி மூன்று, நான்காவது இன்னும் எந்தக் கிணற்றிலோ.
எலிவால் பருமனில் ஒரு சுவிஸ் அரம்.
பிடி உடைந்து வந்த சீவுளிக்குப்
பாலை மரத்தில் நானே பிடி செதுக்கினேன்.
பாலை கனம்.
சீவுளி இப்போது கொஞ்சம் பின்னுக்குச் சாய்கிறது,
சாப்பிட்டுவிட்டு இருக்கிற ஆள் மாதிரி.

பேர்னிலிருந்து மச்சாள் தயாநிதி வீடியோவில் சிரிக்கிறாள்:
"இதெல்லாம் இங்க சந்தையில கூடைக்குள்ள கிடக்கும்,
ஒரு கோப்பிக் காசு."
அனுப்பு என்றேன்.
அனுப்புற கூலி ஆரடி தாறது என்றாள்.

வைஸ் திறக்கவில்லை.
மண்ணெண்ணெயில் மூன்று நாள் கிடந்தது.
பிறகு நீல டிரம்மில் தண்ணீர், சலவைச் சோடா,
ட்ராக்டர் பற்றரியின் சார்ஜர்.
சிவப்பு வயர் தேய்ந்த மண்வெட்டித் தகட்டுக்கு,
கறுப்பு வயர் வைஸுக்கு.
மாற்றிக் கொழுவினால் சாமானையே தின்னும்;
ஒரு நல்ல திருப்புளியை அப்படிக் கொன்றிருக்கிறேன்.
இரவு முழுக்கச் சின்னக் குமிழ்கள்.
யோகதாஸ் எழும்பி வந்து
"இன்னும் வேகேல்லையோ" என்று கேட்டுவிட்டுப்
போய்ப் படுத்தார்.

ஐந்தாம் நாள் கைப்பிடியில் தண்ணீர்க் குழாயைச் செருகி
என் பாரம் முழுவதையும் தொங்கவிட்டேன்.
கடைவாய்ப் பல்லுப் பிடுங்கிய சத்தம்.
தாடை விட்டது.

காலடியில் ஏதோ விழுந்தது.
துடைத்தால்
சைக்கிள் பெடலுக்கு அடிக்கிற கொட்டர் பின்.
ஒரு பக்கம் அராவியிருந்தது,
அதுவும் முக்கால்வாசி.
இன்னும் பத்து இழுவை இருக்கும்போது
யாரோ அரத்தைக் கீழே வைத்திருக்கிறார்,
வைஸைத் தளர்த்தாமலே.
எந்த மாதம் என்று ஊகிக்கலாம்.
ஊகிக்கவில்லை.

கிரீஸ் காய்ந்த இடத்தில் கோடுகள் அப்படியே இருந்தன.
பூதக்கண்ணாடியில் பார்த்தேன்.
என் கோடுகள் சாய்கிற பக்கம் இல்லை,
மற்றப் பக்கம்.
இடக்கைக்காரர்.
அவ்வளவுதான் தெரியும்.
எங்கே ஏற்றின இரும்பு என்று நளீமிடம் கேட்டேன்.
"அந்த நேரம் லொறி லொறியா வந்தது, தங்கச்சி."

பெட்டியில் போட்டு வை என்றார் யோகதாஸ்.
நான் அதே தாடையில் அதைத் திரும்பப் பூட்டினேன்.
சுவிஸ் அரம் இந்த வேலைக்குச் சின்னது.
ஊர் பேர் இல்லாத ஆலை அரத்தை எடுத்தேன்.
பத்து என்று நினைத்தது பதினேழு இழுவை ஆயிற்று.
அவர் சாய்வும் என் சாய்வும் முட்டிய இடத்தில்
ஒரு மெல்லிய வரம்பு,
நகம் தடக்குகிற அளவு.
இன்னும் இரண்டு இழுத்தால் போய்விடும்.
அரத்தைக் கீழே வைத்தேன்,
இந்த முறை வைஸைத் தளர்த்திவிட்டு.

என் சைக்கிளின் வலப் பெடலில் அடித்து இறுக்கினேன்.
ஆலைக்குப் போகும் வழியில்
மிதி மேலே வருகிற ஒவ்வொரு சுற்றுக்கும்
ஒரு டக்.
குளக்கட்டில் முந்திப் போன பொடியன் திரும்பிக் கத்தினான்:
"அக்கா, பெடல் ஆடுது, ஒருக்கா இறுக்குங்கோ."

ஓம் தம்பி என்றேன்.
இறுக்கினால் நிற்கும் என்று
எனக்கும் தெரியும்.